பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம்

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. அதில் மூன்று பேருக்கு வேலை. ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட வேண்டும். இன்னொருவன் கோலைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்கு வெளியே குனிந்து நின்று அதை மட்டையால் நிறுத்த வேண்டும். மூன்றாமவன் ஓடி வந்து அதைச் சுண்டி கோலுக்குள் அனுப்ப வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் நான்கு பேர் கோலுக்குள்ளிருந்து பாய்ந்து வருவதற்குள் இது அத்தனையும் நடந்து முடிய வேண்டும். பேப்பரில் வருவது மூன்றாமவன் பெயர். மற்ற இரண்டு பேரும் கூட்டத்துக்கு மைக் கட்டினவன் மாதிரி, முடிந்ததும் ஒரு பயலுக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் அணியில் தள்ளுகிறவன் பெரியவன். நிறுத்துகிறவன் நான். சுண்டுகிறவன் சின்னவன், பெரியவனுடைய கூடப்பிறந்த தம்பி. நிறுத்துகிற வேலை பார்ப்பதால் என்னை ‘பிரேக்’ என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது என் மோட்டார் காயில் கட்டும் கடைக்கே பிரேக் கடை என்று பெயராகிவிட்டது. பிரேக் கட்டை மாற்றித் தரச் சொல்லி சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற ஆட்களும் உண்டு. அவர்களிடம் நான் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

அண்ணன் தம்பி வீடும் என் கடையும் ஒரே சுவர். வீடு என்றால் இரண்டு அறை. பின்னால் சந்து, சந்தைத் தாண்டினால் லாண்டரி, லாண்டரியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். அவ்வளவுதான் அவர்கள் உலகம். லாண்டரிக்கு ஆஸ்பத்திரித் துணிதான் வரும், வேன் வேனாக. அவர்கள் அப்பா இறந்த பிறகு அத்தையும் பெரியவனும் அங்கேதான் வேலை. அவர்களுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது. அத்தைக்கு மேஜையில் நின்று பெட்ஷீட் மடிக்கிற வேலை. பெரியவனுக்கு உள்ளே, மெஷின் பக்கம். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பூட்ஸுக்குள்ளும் தண்ணீர்தான். இரண்டு குதிகாலும் வயல் வெடித்த மாதிரி வெடித்துக் கிடக்கும். ராத்திரி அவன் போர்வையை இழுத்தால் அதன் நூல் அந்த வெடிப்பில் மாட்டிக்கொள்ளும், அவன் “ஸ்ஸ்” என்பான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

சின்னவனை மட்டும் அந்தத் தண்ணீரில் இறக்கவே இல்லை. “நீ ஆடு, போதும்” என்று சொல்லிவிட்டான் பெரியவன். அவன் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருஷ இறுதி ஆட்டத்தைப் பார்க்க லீக் அணியிலிருந்து ஒரு கோச் வந்திருந்தார். லீக் என்றால் சம்பளம், ஒப்பந்தம், டிவி எல்லாம் சேர்ந்தது. எதிரணி பஸ் டெப்போக்காரர்கள். சின்னவன் மூன்று கார்னரில் மூன்று கோல் அடித்தான். ஆட்டம் முடிந்து கோச் எங்களிடம் வந்தார். என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல், பெரியவனைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். சின்னவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

“மத்தவங்கள விட ஒரு மூச்சு முன்னாடி இருக்கான் இந்தப் பையன். பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே இவன் கிளம்பிடுறான். இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது. பிறவியிலயே வரணும்.”

பெரியவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாங்கின கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவர் சொன்ன அந்த வாக்கியத்தை வீடு வரைக்கும் மூன்று தடவை எனக்குத் திருப்பிச் சொன்னான், பக்கத்தில் நின்று நான் கேட்கவே இல்லை என்பது போல.

சின்னவன் பயிற்சி முகாமுக்குப் போனான். முகாம் முடிந்ததும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும் என்று பேச்சு. பாதியிலேயே திரும்பி வந்தான்.

அன்றைக்கு நான் கடையில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்து வைத்திருந்தேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனையில் அவன் வருவது தெரிந்தது. என்னைப் பார்த்தும் சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்குள் போய்விட்டான். நானும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அத்தை அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். “என்னடா இப்படி இளைச்சுப் போய் வந்திருக்கே? அங்க சோறு போட்டாங்களா இல்லையா?” என்றாள்.

“சோறெல்லாம் நல்லாத்தான் போட்டாங்கம்மா.”

“அப்புறம் ஏன் வந்தே?”

“கார்னர்ல லேட்டாகுறேனாம்.”

பெரியவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினான். “யாரு, நீயா?”

“ஆமாண்ணா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆளுங்க வந்து நிக்கிறாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும். கோச் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. ஊருக்குப் போ, சரி பண்ணிக்கிட்டு வா, கடைசித் தேர்வு ஒண்ணு இருக்கு, அதுலயும் இப்படித்தான்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்னு.”

“தள்ளினவன் சரியில்லடா. வேற என்ன.”

“மூணு பேர் மாத்தி மாத்தித் தள்ளினாங்கண்ணா. மூணு பேருமா சரியில்ல?”

பெரியவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அத்தை இரண்டு முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றினாள். அவளைப் பொறுத்தவரை உலகத்துக் கோளாறெல்லாம் வெறும் வயிற்றில்தான் ஆரம்பிக்கிறது. சின்னவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். முன்பெல்லாம் தட்டை வைத்ததும் வாயும் ஓடும் கையும் ஓடும். அன்றைக்குக் கை மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் மைதானம். எங்கள் மைதானத்துப் பச்சைக் கம்பளம் பல இடத்தில் பல்லிளித்துவிட்டது. விளையாடுவதற்கு முன் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். நனைத்தோம். பெரியவன் தள்ளினான், நான் நிறுத்தினேன், சின்னவன் சுண்டினான். கோல் பலகையில் போய் ‘டம்’ என்று விழுந்தது பந்து. மறுபடி. மறுபடி. ஒன்றாவது தாமதமா? ஊஹூம். பழைய மாதிரியே ஒரு மூச்சு முன்னால்.

“இதுல என்னடா குறை?” என்றேன் நான். “அந்தக் கோச்சுக்குக் கண்ணாடி மாத்தச் சொல்லு.”

சின்னவன் சிரித்தான். வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. ஆனால் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வரும்போது, “இங்க வருது, அங்க ஏன் வர மாட்டேங்குது பிரேக்கண்ணா?” என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? நான் வாழ்நாள் பூரா குனிந்தே நின்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்துதான்.

அந்த வாரமே லாண்டரியில் பாய்லர் வெடிப்பு விட்டுப் புகை கக்கி நின்றுபோனது. ரிப்பேர் முடியும்வரை வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியவன் கால் பல வருஷத்துக்குப் பிறகு காய்ந்து கிடந்தது. அத்தை மெழுகுவத்தியை எண்ணெயில் உருக்கி, ஆறவைத்து, அவன் குதிகாலில் அப்பினாள். அவன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். “எருமை மாதிரி வளர்ந்துட்டு வெக்கத்தப் பாரு. நீட்டுடா காலை” என்று அதட்டினாள். அப்படியே தினமும் தடவி, பழைய சாக்ஸ் போட்டுப் படுக்க வைத்தாள். வெடிப்பு மூடி, தோல் மெத்தென்று ஆகிவிட்டது. பெரியவன் சந்தில் வெறுங்காலோடு நடந்து காட்டினான், சின்னப் பிள்ளை புதுச் செருப்பைக் காட்டுகிற மாதிரி.

அதற்கடுத்த காலைதான் வந்தது வினை. சின்னவன் தாமதமானான்.

முதல் பந்தை நான் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், ஆள் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. பத்துப் பதினைந்து ஆனதும் சின்னவன் மட்டையைத் தரையில் எறிந்தான்.

“ஒழுங்காத் தள்ளுண்ணா!”

“எப்பவும் போலத்தானடா தள்ளுறேன்.”

“இல்ல. லேட்டாத் தள்ளுற.”

“நான் லேட்டாத் தள்ளினா பந்து லேட்டா வரணும், நீ ஏண்டா லேட்டா வரே? பிரேக்கு, சொல்லுடா அவனுக்கு.”

“என்னை இழுக்காதீங்க” என்றேன்.

“நீ வேணும்னே பண்றே” என்றான் சின்னவன். “நான் போறது உனக்குப் பிடிக்கல. நீ காலைத் தூக்கவே இல்ல, அப்புறம் நான் எப்படிக் கிளம்புறது?”

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். பெரியவனும் குனிந்தபடியே இருந்தான், மட்டை பந்தோடு ஒட்டியிருந்தது.

“எந்தக் காலை?” என்றான் பெரியவன், மெதுவாக.

சின்னவன் யோசித்தான். “பின்னங்கால். தள்ளுறதுக்கு முன்னாடி குதிகாலைத் தூக்குவியேண்ணா. எப்பவும் தூக்குவியே.”

மூன்று பேரும் அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். விஷயம் இதுதான். வெடித்த குதிகாலை ஊன்றித் தள்ள முடியாமல், பந்து கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் பெரியவன் அதைத் தூக்கிக்கொள்வான். தூக்குகிறான் என்று அவனுக்கே தெரியாது. சின்னவன் பந்தைப் பார்த்து ஓடப் பழகவில்லை. அண்ணனுடைய குதிகாலைப் பார்த்து ஓடப் பழகியிருக்கிறான். அதுவும் அவனுக்குத் தெரியாது. முகாமில் தள்ளினவர்களுக்கெல்லாம் நல்ல கால்.

“அப்போ அந்த ஒரு மூச்சு என்னுது இல்லையா?” என்றான் சின்னவன். “உன்னுதா?”

“என்னுதும் இல்லடா. என் பித்தவெடிப்புது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவனுக்கு வரவில்லை. “நீயும் என்கூட வந்துடுண்ணா. காலைத் தண்ணியில போட்டா மறுபடியும் வெடிச்சுடும். கோச்கிட்ட நான் சொல்றேன், எங்க அண்ணன் தள்ளினாத்தான் எனக்கு வரும்னு” என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னான்.

“பித்தவெடிப்புக்கு எவன்டா காண்ட்ராக்ட் போடுவான்?” பெரியவன் எழுந்து புட்டத்தைத் தட்டிக்கொண்டான். “நாளைலேருந்து நீ என்னைப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

மறுநாள் லாண்டரியிலிருந்து கழித்துப் போட்ட ஒரு பெட்ஷீட்டைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரி முத்திரை மங்கலாகத் தெரிந்தது. கோல் கோட்டில் இரண்டு கம்பை நட்டு அதைத் திரை மாதிரி கட்டினான். காற்றில் பறக்காமல் இருக்க அடியில் செங்கல் வைத்தான். ஒரு இடத்தில் மட்டும் முழ அகலத்துக்கு மடித்து ஊக்கு குத்தினான். அந்த வழியாகப் பந்து வெளியே வரும். பெரியவன் திரைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

“நான் பேச மாட்டேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டான். “பேசினா அதையும் பிடிச்சுக்குவான் இந்த ராஸ்கல். இருமினாலும் பிடிச்சுக்குவான்.” பிறகு தம்பி பக்கம் திரும்பினான். “நீயும் இந்தப் பக்கம் வரக் கூடாது. பந்து வரும். வந்தா ஓடு.”

முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. காலியான மைதானம், ஒரு வெள்ளைத் துணி, அதற்கு எதிரில் சின்னவன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் அலைந்தது. பந்து வந்த பிறகுதான் திடுக்கிட்டு ஓடினான். இடையில் இரண்டு தரம் “அண்ணா, இருக்கியா?” என்று கேட்டான். பதில் இல்லை. “இருக்கான்டா, எங்க போயிடுவான்” என்று நான் சொன்னேன்.

இரண்டாம் நாள் கொஞ்சம் தேவலை. அதற்கடுத்த நாள் ஒன்றிரண்டு சரியாக விழுந்தது. அண்ணன் முகம் இல்லாத இடத்தில் பந்தைத் தவிர பார்க்க வேறு ஒன்றும் இல்லை, அதனால் பந்தையே பார்த்தான்.

அந்தச் சமயத்தில் பாய்லர் சரியாகிவிட்டது. தேங்கின துணி மலை மாதிரி. பெரியவனை விடிகாலை ஷிப்டில் போட்டுவிட்டார்கள். சின்னவனிடம் அவன் அதைச் சொல்லவில்லை. நான் “அப்போ யாருடா தள்ளுறது?” என்று கேட்டேன்.

“வா என்கூட” என்று பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனான்.

டெப்போ அணியில் பந்து தள்ளுகிறவர் ஒரு கண்டக்டர். எங்களுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. சில்லறை விஷயமாக என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்ட மனுஷன். டீக்கடை வாசலில் நின்று பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். பெரியவன் விஷயத்தைச் சொன்னான்.

“யோவ், உன் தம்பி எங்களுக்கு மூணு கோல் போட்டான்” என்றார் கண்டக்டர். “அவனுக்கு நான் வந்து ஊழியம் பண்ணணுமா?”

“ஆமா.”

“கூசாம ஆமாங்குற?”

“வேற யார்கிட்டப் போவேன் சார்? இந்த ஊர்ல என்னைத் தவிர ஒழுங்காத் தள்ளுறது நீங்க ஒருத்தர்தான். அவன் என் கைக்கே பழகிட்டான். கை மாறணும். மாறினது அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பயந்துடுவான்.”

கண்டக்டர் பன்னைத் தின்று முடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். “உன்னைத் தவிர நான் ஒருத்தன்தானா? என்னைத் தவிர நீ ஒருத்தன்னு சொல்லு” என்றார். அதுதான் சம்மதம்.

ஏற்பாடு சுலபமாக இருந்தது. விடியும் முன்னே, “நான் போய்த் திரையைக் கட்டுறேன், நீ பின்னாடி வா” என்று பெரியவன் கிளம்பிவிடுவான். திரையைக் கட்டுவான். கண்டக்டர் வந்து அதற்குப் பின்னால் நின்றுகொள்வார். பெரியவன் லாண்டரிச் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போய்விடுவான். பயிற்சி முடிந்ததும் சின்னவன் மைதானத்தைச் சுற்றி ஓடப் போவான், அந்த நேரத்தில் கண்டக்டர் நழுவிவிடுவார்.

சின்னவன் கண்டுபிடிக்கவில்லை. அதுமட்டுமில்லை, நாளுக்கு நாள் வேகமானான். கண்டக்டர் சும்மா சொல்லக் கூடாது, நூல் பிடித்த மாதிரி தள்ளினார். பந்து துணியைவிட்டு வெளியே மூக்கை நீட்டுவதற்கும் சின்னவன் கால் கிளம்புவதற்கும் இடைவெளியே இல்லை. “செம, அண்ணா!” என்று திரையைப் பார்த்துக் கத்துவான். நான் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவேன்.

ஆனால் தண்ணீர் குடிக்க உட்காருகிற நேரத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. சின்னவன் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். அந்தப் பக்கம் ஓர் ஆள் மூச்சு விடுவது தெரியும், முகம் தெரியாது, பதிலும் வராது. அதுவே அவன் வாயைத் திறந்துவிட்டது போல. நேருக்கு நேர் அண்ணனிடம் ஒரு நாளும் அப்படிப் பேசினதில்லை அவன்.

“அண்ணா, நீ பேச வேணாம், கேளு போதும். அங்க எனக்குத் தூக்கமே வரலண்ணா. ரூம்ல ஆறு பேரு. அவங்க எல்லாம் ஏற்கெனவே பழகினவங்க. அவங்களுக்குள்ளயே ஏதோ சொல்லிச் சிரிப்பாங்க. என்னைக் கேலி பண்ணக்கூட மாட்டாங்கண்ணா, கேலி பண்ணினாலாவது பரவால்ல. ராத்திரி லைட்ட அணைச்சதும் நீ போர்வைய இழுத்து ஸ்ஸ்னு சொல்றது கேக்குமான்னு பாத்துட்டே படுத்திருப்பேன். எங்க கேக்கும்? காலையில கால் மரத்துப் போய்க் கிடக்கும். நீ எனக்காக நின்ன தண்ணி எல்லாம் வீணாப் போயிடும்னுதான் நான் மறுபடி போறேன். இல்லேன்னா போகவே மாட்டேண்ணா.”

திரை அசையவில்லை. காற்றுக்குக் கூட அசையவில்லை.

“சரி, தள்ளு” என்று எழுந்து போனான் சின்னவன்.

அன்றைக்கு அவன் ஓடப் போனதும் கண்டக்டர் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். “யோவ் பிரேக்கு, இதை அவன் அண்ணன்கிட்டச் சொல்லிடுய்யா.”

“நீங்கதானே கேட்டீங்க. நீங்களே சொல்லுங்க.”

“எனக்குன்னா சொன்னான்? அடுத்தவனுக்கு வந்த பேச்சை நான் எந்த வாயால சொல்றது?”

நானும் சொல்லவில்லை. சொன்னால் பெரியவன் தம்பியை அனுப்பவே மாட்டான், அது எனக்கு நிச்சயம். அனுப்பாவிட்டால் சின்னவனும் அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். இப்படி ஒரு நியாயம் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். தினமும் அதே மாதிரி ஏதாவது பேசுவான். நாங்கள் இரண்டு அந்நியர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

கிளம்புகிற நாள் வந்தது. அத்தைக்கு லீவு தரவில்லை. வீட்டு வாசலில் வைத்தே சின்னவன் தலையைத் தடவி, பையில் அவித்த முட்டையைத் திணித்து, திரும்பிப் பார்க்காமல் லாண்டரிக்குப் போய்விட்டாள். பெரியவன் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு வேலை உடுப்போடு பஸ் நிலையத்துக்கு வந்தான். ஈரப் பூட்ஸ் நடக்க நடக்கச் சளக் சளக் என்றது. நானும் போனேன். தொலைதூர பஸ், கிளம்ப நேரம் இருந்தது.

சின்னவன் பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்தான். “அண்ணா, ஒண்ணு சொல்லட்டுமா? இந்தக் கடைசி நாளெல்லாம் நீ தள்ளின மாதிரி உன் ஆயுசுல தள்ளினதில்ல. சும்மா சொல்லல. அதனாலதான் எனக்குச் சரியாச்சு.”

பெரியவன் என்னைப் பார்த்தான். நான் பஸ் டயரைப் பார்த்தேன். ‘ஆமாண்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாழ்நாளில் அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. எந்தக் கோச்சும் அவனைப் பார்த்து அப்படி ஒன்று சொன்னதில்லை. வாங்கி வைத்துக்கொள்ளடா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

“அது நான் இல்லடா” என்றான் பெரியவன்.

“எது?”

“பாய்லர் சரியான நாள்லேருந்து தள்ளினது நான் இல்ல. டெப்போ கண்டக்டர். நான் திரையைக் கட்டிவிட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன்.” தம்பி தோளைப் பிடித்தான். “யார் தள்ளினாலும் உனக்கு வருதுடா. அது உன்னுதுதான். இத நீ தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்னுதான் சொல்றேன்.”

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். என் பக்கம் திரும்பினான். நான் தலையை ஆட்டினேன்.

“அப்போ நான் சொன்னது எதையுமே நீ கேக்கலயா?”

“என்ன சொன்னே?”

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். சின்னவன் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு நாள் திரையிடம் தாராளமாகப் பேசினவனுக்கு, முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

“ஒண்ணுமில்லண்ணா” என்று ஏறிப் போய்விட்டான். ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

பெரியவன் என் கையைப் பிடித்தான். “என்னடா சொன்னான்?”

“விடுடா, பஸ் கிளம்புது.”

“சொல்லித் தொலைடா!”

“அங்க அவனுக்குப் பேச ஆள் இல்லையாம். தூக்கமே வரலையாம்” என்றேன். “நீ தண்ணியில நின்னது வீணாகிடக் கூடாதேன்னுதான் போறானாம்.”

அவன் என்னை ஒன்றும் திட்டவில்லை. பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அந்த ஈரப் பூட்ஸோடு ஓடிப் போய்ப் படியில் தொற்றி ஏறிவிட்டான். எனக்குக் கையாட்டக்கூட இல்லை. அந்த பஸ்ஸின் கண்டக்டர் அவனை ஏதோ சத்தம் போட்டதும், அவன் உள்ளே போனதும் தெரிந்தது. பிறகு பஸ் திரும்பிவிட்டது. நான் மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டீ குடித்தேன்.

லாண்டரிக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். மடிக்கிற மேஜையில் பெட்ஷீட் குவிந்து கிடந்தது. இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர் பிடித்தால்தான் அது மடியும். அத்தையின் ஜோடிக்காரி அன்றைக்கு வரவில்லை.

“பெரியவன் எங்க?”

“சின்னவன்கூட பஸ்ல ஏறிட்டான் அத்தை.”

“வேலை நேரத்துலயா?” அவள் குவியலிலிருந்து ஒரு பெட்ஷீட்டை உருவினாள். “என்னவாம் சின்னவனுக்கு? பயப்படுறானா?”

“தனியா இருக்குதாம்.”

“இருக்காதா பின்னே” என்றாள் அத்தை. அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. “சரி, சும்மா நிக்காத. அந்த முனையைப் பிடி.”

பிடித்தேன். அவள் உதறச் சொன்னால் உதறினேன், நடந்து வரச் சொன்னால் வந்தேன். என் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மதியம் வரைக்கும் மடித்தோம்.

மதியத்துக்கு மேல் பெரியவன் வந்து சேர்ந்தான். அரை நாள் சம்பளம் பிடிப்போம் என்றார்கள், சரி என்றான். மெஷின் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் கேட்க வாயெடுத்தேன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரத்துக்கெல்லாம் சின்னவனிடமிருந்து போன் வந்தது. எடுத்துக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தேர்வில் யார் யாரோ தள்ளினார்களாம், ஒன்றுகூடத் தாமதமில்லையாம். சாயங்காலம் கண்டக்டர் ஒரு பொட்டலம் பன் வாங்கிக்கொண்டு வந்தார். “பாதி ஒப்பந்தம் என் பேர்ல எழுதியிருக்கணும்” என்று அலட்டிக்கொண்டு, பாதிப் பன்னை அவரே தின்றுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று போனார். மைதானத்தில் நானும் பெரியவனும் மட்டும். இரண்டு பேரிடமும் மட்டை இருந்தது. ஒருவன் தள்ளலாம், ஒருவன் நிறுத்தலாம், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. கோல் கோட்டில் உட்கார்ந்தோம்.

“அன்னைக்கு பஸ்ல என்னதாண்டா பேசினீங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் பேசல.”

“அவ்வளவு தூரம் போனே. ஒண்ணுமே பேசலயா?”

“பேசணும்னுதான் ஏறினேன். பக்கத்துல போய் உக்காந்தேன். அவன் என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். பஸ் ஊர் எல்லையத் தாண்டல, அதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான்டா. அப்படியொரு தூக்கம். அடுத்த ஸ்டாப்ல இறங்கலாம், அடுத்த ஸ்டாப்ல இறங்கலாம்னு பாத்தேன், எழுப்ப மனசு வரல. அப்படியே ரொம்ப தூரம் போயிட்டேன்.”

“அப்புறம் எப்படி இறங்கினே?”

பெரியவன் மட்டையின் முனையால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“தலையை மெதுவாத் தூக்கி, தோளுக்குப் பதிலா அவன் பையை வச்சுட்டு இறங்கிட்டேன். முழிச்சுக்கவே இல்ல” என்றான். “முழிச்சப்போ என்ன நெனச்சானோ.”